செலவுக்கு ஒரு விகிதம், மிச்சத்துக்கு ஒரு விகிதம்: வெளிநாட்டுச் சம்பளத்தை ஒப்பிடும் கணக்கு

வெளிநாட்டில் வேலை கிடைக்கப்போகிறது என்றதும் எல்லோரும் முதலில் செய்வது ஒரு பெருக்கல். அங்கே தரும் சம்பளத்தை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, இங்கே வாங்கும் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து மடங்கு, ஆறு மடங்கு என்று ஏதோ ஓர் எண் வரும். அந்த எண்ணை நம்பித்தான் கடன் வாங்குகிறார்கள், இருக்கிற வேலையை விடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மறுகோடிக்குப் போய், "அங்கே விலைவாசியும் அதே அளவுக்கு அதிகம், கூட்டிக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது" என்பார்கள். இரண்டுமே பாதிக் கணக்கு.

சம்பளம் என்பதற்குள் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. அங்கேயே செலவாகிவிடும் பணம் ஒன்று. செலவு போக மிஞ்சி ஊருக்கு வரும் பணம் இன்னொன்று. முதல் வகையின் மதிப்பை அந்த ஊர் விலைவாசிதான் தீர்மானிக்கிறது. வங்கி அறிவிக்கும் மாற்று விகிதத்துக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டாவது வகைக்கு மாற்று விகிதம்தான் எல்லாம். மொத்தச் சம்பளத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்கினால், எந்த விகிதத்தை எடுத்தாலும் விடை தப்பாகவே வரும்.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். நாட்டின் பெயர் வேண்டாம், 'உள்நாடு', 'வெளிநாடு' என்றே வைத்துக்கொள்வோம். உள்நாட்டில் ஒருவருக்குப் பிடித்தம் போக மாதம் 60,000 வருகிறது. குடும்பச் செலவு 45,000, மிச்சம் 15,000. வெளிநாட்டில் அவருக்குச் சொல்லும் சம்பளம் 4,000. வரியும் பிடித்தங்களும் போகக் கைக்கு வருவது 2,700. தனியாளாக இருந்தால் செலவு 1,750, மிச்சம் 950. வெளிநாட்டு நாணயம் ஒன்றுக்கு உள்நாட்டில் 80 கிடைக்கிறது. ஆனால் பொருட்களையும் சேவைகளையும் வாங்கிப் பார்த்தால், உள்நாட்டில் 24 கொடுத்து வாங்குவதுதான் அங்கே 1 கொடுத்தால் கிடைக்கிறது.

இப்போது மடங்குகளைப் பாருங்கள். 4,000-ஐ 80-ஆல் பெருக்கினால் 3,20,000, அதாவது ஐந்து மடங்குக்கு மேல். கைக்கு வரும் 2,700-ஐப் பெருக்கினால் 2,16,000, மூன்றரை மடங்கு. அதே 2,700-ஐ வாங்கும் திறன் விகிதமான 24-ஆல் பெருக்கினால் 64,800, உள்நாட்டுச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மிச்சத்தை மட்டும் எடுத்தால், 950-ஐ 80-ஆல் பெருக்க 76,000. உள்நாட்டு மிச்சத்தைப்போல் ஐந்து மடங்கு. ஒரே வேலை, நான்கு விடைகள். அன்றாட வாழ்க்கை எவ்வளவு வசதியாக இருக்கும் என்பதற்கு மூன்றாவது எண் பதில் சொல்கிறது. சேமிப்பு எவ்வளவு என்பதற்கு நான்காவது. முதல் எண் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

நான்காவது எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. குடும்பம் உள்நாட்டிலேயே இருந்தால் அவர்களுக்கு மாதம் 35,000 வேண்டும் என்று வையுங்கள். 76,000-இல் அது போக 41,000. பழைய 15,000-உடன் ஒப்பிட்டால் கூடுதலாகக் கிடைப்பது 26,000. குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போனால் அங்கே செலவு 2,550 ஆகிறது. மிச்சம் 150, உள்நாட்டுக் கணக்கில் 12,000. இங்கேயே இருந்தால் மிஞ்சியிருக்கும் தொகையைவிடக் குறைவு. சம்பளம் ஒரு காசுகூட மாறவில்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. அதனால்தான் வேலையை ஒப்பிடும் முன் குடும்பம் எங்கே இருக்கப்போகிறது என்பதை முடிவுசெய்ய வேண்டும் என்கிறேன். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மிச்சம் என்பது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். அதனாலேயே அது எளிதில் ஆட்டம் காணும். வாடகை 900 என்று போட்டிருந்த இடத்தில் உண்மையில் 1,100 ஆனால், 950 என்ற மிச்சம் 750 ஆகிவிடும். வாடகையில் 200 பிசகினால் மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

இரண்டு விகிதங்கள் ஏன் இவ்வளவு விலகி நிற்கின்றன

வாங்கும் திறன் சமநிலை என்ற கருத்துக்கு அந்தப் பெயரை 1918-இல் கொடுத்தவர் ஸ்வீடன் பொருளியலாளர் குஸ்தாவ் காசெல். ஒரே பொருள் எல்லா நாட்டிலும் ஒரே விலைக்கு வந்து சேரும்படி மாற்று விகிதம் நகரும் என்பது அதன் சாரம். கப்பலில் ஏற்றி அனுப்பக்கூடிய பொருட்களுக்கு இது ஓரளவு பொருந்தும். முடி வெட்டுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வாடகை போன்றவை எல்லை தாண்டாதவை. ஒரு நாட்டின் ஏற்றுமதித் தொழில்களில் உற்பத்தித்திறன் உயர்ந்தால் அங்கே கூலி உயரும். அந்தக் கூலிக்கு ஈடுகொடுக்க முடி வெட்டுபவரின் கூலியும் உயர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது. 1964-இல் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியாக விளக்கியது இதைத்தான். ஆகவே பணக்கார நாட்டில் எதெல்லாம் விலை அதிகம் என்று ஊகிக்கலாம். மனித உழைப்பு அதிகம் சேர்ந்தவையும் நிலம் சேர்ந்தவையும் மிகவும் விலை. போன், கணினி, வாகன எரிபொருள் போன்றவற்றில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது, சில சமயம் அங்கே மலிவாகவும் இருக்கும்.

நாடுகளுக்கிடையேயான வாங்கும் திறன் விகிதங்களை அதிகாரபூர்வமாக வெளியிடுவது உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம். 1968-இல் ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது. 2021-ஆம் ஆண்டு விலைகளுக்கான முடிவுகள் 2024 மே மாதம் வந்தன. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் பல விகிதங்கள் இருக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்திக்கான விகிதத்தை எடுக்காதீர்கள். இயந்திரம், கட்டுமானம், அரசுச் செலவு எல்லாம் அதற்குள் கலந்திருக்கும். தனியார் நுகர்வுக்கான விகிதம்தான் ஒரு குடும்பத்துக்கு அருகில் வரும். அதுவும் நாடு முழுமைக்குமான சராசரி என்பதால் தலைநகரத்தில் வேலைக்குப் போகிறவருக்குப் பற்றாது. பர்கர் விலையை வைத்து தி எகனாமிஸ்ட் இதழ் 1986 முதல் வெளியிடும் குறியீடு நாணயங்களைப் பற்றிப் பேசுவதற்கு நல்லது. வாடகை இல்லாத குறியீட்டை வைத்துக் குடும்பச் செலவைக் கணிக்க முடியாது.

சொல்லும் சம்பளத்திலிருந்து கைக்கு வரும் சம்பளம்வரை

இந்தத் தூரம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தனித்தனிப் பொறிகளும் உண்டு.

ஜெர்மனியில் ஓய்வூதியக் காப்பீடு மட்டும் சம்பளத்தில் 18.6 சதவீதம், அதில் பாதி ஊழியர் தலையில். மருத்துவம், வேலையின்மை, முதியோர் பராமரிப்பு என்று மற்ற காப்பீடுகளும் சேர்ந்தால், வருமான வரியைத் தொடும் முன்பே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மாதாமாதம் பிடிக்கும் வரி திருமணமானவரா, துணைவருக்கு வருமானம் உண்டா என்பதைப் பொறுத்த வரி வகுப்பால் மாறும். ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பதிந்தால் தேவாலய வரி வரும். அது வருமான வரித் தொகையில் மாநிலத்தைப் பொறுத்து 8 அல்லது 9 சதவீதம்.

ஜப்பானில் பொறி இரண்டாம் ஆண்டில் காத்திருக்கிறது. அங்கே குடியிருப்பு வரி சுமார் 10 சதவீதம், முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிட்டு ஜூன் மாதத்திலிருந்து பிடிப்பார்கள். புதிதாக வந்தவருக்கு முந்தைய ஆண்டு அங்கே வருமானம் இல்லாததால் முதலில் அந்தப் பிடித்தமே இருக்காது. முதல் சில மாதச் சம்பளச் சீட்டை வைத்து வாடகை வீடு முடிவு செய்தவர்களுக்கு அடுத்த ஜூனில் கையில் வருவது சட்டென்று குறைகிறது. நாடு திரும்பிய பிறகும் கடைசி ஆண்டுக்கான பாக்கி இருக்கலாம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது. மாதம் 10,000 திர்ஹாம் என்று இரண்டு கடிதங்கள் வருகின்றன என்று வையுங்கள். ஒன்றில் அடிப்படை 4,000, மீதி படிகள். இன்னொன்றில் அடிப்படை 6,000. முதலாவதில் ஓர் ஆண்டுப் பணிக்கொடை 2,800, இரண்டாவதில் 4,200. ஐந்து ஆண்டில் வித்தியாசம் 7,000 திர்ஹாம். கடிதத்தின் முதல் வரியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் முதலாளி செலுத்தும் சூப்பரானுவேஷன் என்ற ஓய்வுகாலச் சேமிப்பு 2025 ஜூலை முதல் 12 சதவீதம். ஆண்டுக்கு 1,00,000 என்று சொல்லும்போது அது உட்படவா, அதற்கு மேலா என்று கேட்க வேண்டும். உட்பட என்றால் சம்பளம் சுமார் 89,300தான். தற்காலிக விசாவில் இருப்பவர் நாட்டை விட்டுப் போகும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம், ஆனால் பொதுவாக 35 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். நெதர்லாந்தில் இதே கேள்வி 8 சதவீத விடுமுறைப் படிக்கு எழும்.

சுவிட்சர்லாந்துச் சம்பளச் சீட்டு ஏமாற்றும். கட்டாய மருத்துவக் காப்பீட்டைச் சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனியாகக் கட்ட வேண்டும், குழந்தைகள் உட்பட. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்கு 6.2, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம் போக, மத்திய வரியும் மாநில வரியும் உண்டு. மாநில வருமான வரியே இல்லாத டெக்சஸ், ஃப்ளோரிடா போன்றவையும் இருக்கின்றன. மருத்துவக் காப்பீட்டில் மாதப் பிரீமியத்தைப் பார்த்து நிறுத்திவிடாமல், காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே செலவழிக்க வேண்டிய ஆண்டுத் தொகையையும் பார்க்க வேண்டும். கடை விலைச்சீட்டில் விற்பனை வரி சேர்ந்திருக்காது.

பிரிட்டனுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் விசா விண்ணப்பத்தின்போதே மருத்துவக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், மூன்று ஆண்டு விசா என்றால் 10,866 பவுண்டு. மாதாமாதம் கட்ட முடியாது, மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். முதலாளி இதை ஏற்கிறாரா, ஏற்றால் விண்ணப்பதாரருக்கு மட்டுமா குடும்பத்துக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வாடகை

மற்ற எல்லாச் செலவிலும் பத்து சதவீதம் தவறினாலும் தாங்கிக்கொள்ளலாம். வாடகையில் தவறினால் கணக்கே கவிழும்.

முதலில், புள்ளிவிவரத் துறைகள் சொல்லும் சராசரி வாடகையை எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில், வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் இருப்பவர்கள் கொடுப்பதும் அதில் சேர்ந்திருக்கும். புதிதாக வருகிறவருக்கு அந்த வாடகைக்கு வீடு கிடைக்காது. வேலை செய்யப்போகும் இடத்திலிருந்து 45 நிமிடப் பயணத்துக்குள், இப்போது காலியாக இருக்கும் வீடுகளின் விளம்பரங்களில் உங்களுக்கு வேண்டிய அளவில் முப்பதைக் குறித்துக்கொண்டு, வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். மிக மலிவாகத் தெரிபவற்றில் பல மோசடி விளம்பரங்களாகவோ ஒரு அறைக்கான வாடகையாகவோ இருக்கும்.

அடுத்தது, வாரக் கணக்கு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வாடகையை வாரத்துக்கு இவ்வளவு என்று சொல்வது வழக்கம். 300 என்றால் நான்கால் பெருக்கி மாதம் 1,200 என்று எழுதிவிடுகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம், ஆகவே 300-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும்: 1,300. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் நான்கு வார வாடகை கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

வாடகைக்குள் என்னென்ன அடக்கம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் 'குளிர் வாடகை' என்று ஒன்று, சூடேற்றலும் பராமரிப்பும் சேர்ந்த 'சூடான வாடகை' என்று ஒன்று. அதன் மேலும் மின்சாரம், இணையம், ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம். பல வீடுகளில் சமையலறை அலமாரிகளும் அடுப்பும்கூட இருக்காது, நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். பிரிட்டனில் உள்ளாட்சி வரியை வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுகிறார். துபாயில் மின்கட்டண ரசீதோடு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக, மாதத் தவணையில் வரும்.

முன்பணம் வேறு. ஜெர்மனியில் மூன்று மாதக் குளிர் வாடகைவரை கேட்கலாம். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் ஐந்து வார வாடகைதான் உச்சம். துபாயில் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து முன்தேதியிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், முதல் காசோலைக்கே மூன்று நான்கு மாத வாடகை கையில் வேண்டியிருக்கும். ஜப்பானில் திரும்பி வராத 'சாவிப் பணம்', உத்தரவாத நிறுவனக் கட்டணம், தரகு என்று சேர்ந்து நாலைந்து மாத வாடகைக்குச் சமமான தொகை தொடக்கத்திலேயே போவது சகஜம். முதல் சம்பளம் வருவதற்கு முன் இவையெல்லாம் வரும் என்பதால், இந்தப் பணத்தை உள்நாட்டு நாணயத்திலிருந்து மாற்று விகிதத்தில்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு மாத வாடகை என்பது இங்கே பல மாதச் சேமிப்பு.

உங்கள் கூடை, இரண்டு தடவை

மற்ற செலவுகளுக்கு இணையத்தில் பயனர்கள் பதிந்த விலைப் பட்டியல்கள் நிறைய உண்டு. தோராயமாகப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் சிறிய ஊர்களுக்குப் பத்துப் பதினைந்து பேர் பதிந்ததுதான் இருக்கும். உணவக விலையை ஒருவர் ஒரு தரத்தில் நினைத்துப் பதிந்திருப்பார், இன்னொருவர் வேறு தரத்தில். அதைவிட நம்பகமானது, அந்த நாட்டில் வீட்டுக்கு மளிகை அனுப்பும் ஏதாவது ஒரு பெரிய அங்காடியின் தளத்தைத் திறந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை அளவோடு கூடையில் போட்டு மொத்தத்தைப் பார்ப்பது. ஒரு மாலை நேர வேலை. விடை பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் சமைக்காத பண்டத்தில் உழைப்பின் பங்கு குறைவு. பொதுப் போக்குவரத்துக்கு மாதச் சீட்டின் விலை அந்த நகரப் போக்குவரத்துத் தளத்திலேயே இருக்கும்.

கூடையில் எதைப் போடுவது என்பதில்தான் ஒரு நுணுக்கம். இங்கே வாழ்வதுபோலவே அங்கேயும் வாழ்வோம் என்று வைத்து விலை போட்டால் செலவு மிகையாக வரும். வீட்டு வேலைக்கு ஆள், அடிக்கடி வாடகைக் கார், துணி தேய்க்கக் கொடுப்பது போன்றவற்றை அங்கே போனவுடன் யாருமே விட்டுவிடுவார்கள். மாறாக, அங்கே வாழப்போகும் விதத்தில் கூடை போட்டு அதற்கு இங்கே விலை பார்த்தால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். விலைக் குறியீட்டு நூல்களில் இந்த இரண்டுக்கும் லாஸ்பேயர், பாஷே என்று பெயர். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது ஃபிஷர் முறை. முன்னே சொன்ன எடுத்துக்காட்டில் 24 வந்தது அப்படித்தான். இங்கே 45,000 ஆகும் கூடைக்கு அங்கே 2,400 ஆனால் விகிதம் 18.75. அங்கே 1,750 ஆகும் கூடைக்கு இங்கே 52,500 ஆனால் விகிதம் 30. இரண்டின் பெருக்கல் 562.5, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 24. இரண்டு விகிதங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அந்த அளவுக்கு வாழ்க்கை முறை மாறப்போகிறது என்று பொருள். அதற்குத் தயாரா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

குழந்தைப் பராமரிப்பு மட்டும் இந்த விதிக்குள் அடங்காது. அதை விட்டுவிட முடியாது, முழுக்க முழுக்க உழைப்பு சேர்ந்தது, அரசு மானியத்தைப் பொறுத்து விலை தலைகீழாக மாறும். ஒரே நாட்டுக்குள்கூட மாறும்: பெர்லினில் குழந்தைக் காப்பகத்துக்கு அடிப்படைக் கட்டணம் இல்லை, வேறு பல ஜெர்மன் நகரங்களில் பெற்றோர் வருமானத்தைப் பொறுத்துக் கட்ட வேண்டும். சிறு குழந்தை இருப்பவர்கள் இந்த ஒரு வரியைத் தனியாக விசாரித்து எழுதாமல் வேறெதையும் கணக்கிட்டுப் பயனில்லை. துணைவரின் விசாவில் வேலை செய்யும் அனுமதி உண்டா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. இங்கே இருவர் சம்பாதித்து அங்கே ஒருவர் மட்டும் சம்பாதிப்பதாக இருந்தால், ஒப்பீட்டின் உள்நாட்டுப் பக்கத்தில் இரண்டு சம்பளத்தையும் எழுத வேண்டும்.

மிச்சம் ஊர் வந்து சேரும்போது

இணையத்தில் தேடினால் வரும் மாற்று விகிதம் வங்கிகள் தங்களுக்குள் பயன்படுத்தும் நடு விகிதம். நமக்கு அது கிடைக்காது. அனுப்பும் நிறுவனம் கட்டணம் என்று ஒன்றை வெளிப்படையாக எடுக்கும், விகிதத்தில் ஒரு பகுதியை மறைவாக எடுக்கும். 'கட்டணமே இல்லை' என்று சொல்லும் இடத்தில் விகிதத்தைப் பாருங்கள். ஒப்பிடச் சரியான வழி ஒன்றுதான்: இத்தனை அனுப்பினால் அந்தப் பக்கம் கடைசியில் எத்தனை கைக்கு வரும்? உலக வங்கியின் கணக்கெடுப்புகளில் 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்தை ஒட்டியே இருந்துவருகிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. தொகை கூடக்கூட சதவீதம் குறையும், ஆகவே சிறு தொகையாகப் பல தடவை அனுப்புவது நட்டம்.

விகிதம் எப்படி நகரும் என்பது அந்த நாணயம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சவுதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75, அமீரகத் திர்ஹாம் 1997 முதல் 3.6725 என்று நிலைநிறுத்தப்பட்டிருக்கின்றன. அங்கே சம்பாதிப்பவர் நடைமுறையில் டாலரில் சம்பாதிக்கிறார். யூரோ, யென், பவுண்டு அப்படியில்லை. எந்த நாணயமானாலும் இன்றைய விகிதத்தை விட்டுவிட்டுக் கடந்த ஓராண்டின் சராசரியை எடுத்து, அதில் பத்து சதவீதம் பாதகமாக மாறினால் என்ன ஆகும் என்றும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

கடனும் நேரமும்

போவதற்கான செலவை மாத மிச்சத்தோடு ஒப்பிடாமல், கூடுதலாகக் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் குடும்பம் உள்நாட்டில் இருக்கும்போது கூடுதல் 26,000. ஏஜென்டுக்கும் பயணத்துக்கும் 6,00,000 செலவு என்றால், வட்டி இல்லாவிட்டால் 24-ஆம் மாதத்தில் போட்ட பணம் திரும்பும். மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டியே 12,000. 32-ஆம் மாதம்தான் கடன் தீரும். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு என்றால், அந்த வேலைக்குப் போவதால் மொத்தத்தில் நட்டமே. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. ஆனாலும் வாங்குகிறார்கள், குறைந்த சம்பளத்துக்குப் போகிறவர்களிடம்தான் அதிகமாக வாங்குகிறார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்ட யாருமில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நேரத்தையும் வகுத்துப் பார்க்க வேண்டும். வாரம் 60 மணி நேரம் உழைத்து வரும் இரண்டு மடங்கு, 40 மணி நேரத்துக்கு வரும் ஒன்றரை மடங்கைவிட மணிக்கணக்கில் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் ஒரு நாளைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. ஊர் வந்து போகும் விமானச் செலவை ஆண்டுக்கு இத்தனை என்று போட்டு 12-ஆல் வகுத்து மாதச் செலவில் சேர்க்காதவர்களின் மிச்சம் எப்போதும் காகிதத்தில்தான் இருக்கும்.

ஓய்வூதியத்துக்குப் பிடித்ததைச் சேமிப்பாகக் கருதலாமா என்பது எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் ஐந்து ஆண்டு, பிரிட்டனில் பத்து ஆண்டு, அமெரிக்காவில் 40 புள்ளிகள், அதாவது குறைந்தது பத்து ஆண்டு வேலை என்பது ஓய்வூதிய உரிமைக்கான குறைந்தபட்சத் தகுதி. நாடுகளுக்கிடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் இரண்டு இடத்து ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளலாம். இல்லாமல் மூன்று ஆண்டில் திரும்புகிறவர், திரும்பப் பெறும் வழி உறுதியாகத் தெரியாதவரை, அந்தப் பிடித்தத்தை வரியாகவே எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

உள்நாட்டுச் சம்பளத்தில் வெளிநாட்டுச் செலவு

பிள்ளையை வெளிநாட்டில் படிக்க அனுப்பும் குடும்பங்களுக்கு எல்லாமே எதிர்த்திசையில் ஓடும். இங்கே சம்பாதிக்கும் பணம் அங்கே செலவாகிறது, ஆகவே வாங்கும் திறன் விகிதத்தால் இங்கே ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு காசும் மாற்று விகிதத்தில்தான் போகும். தொடக்கக் கணிப்புக்கு அந்தந்த அரசுகள் விசாவுக்குக் கேட்கும் வாழ்க்கைச் செலவுத் தொகை உதவும். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்டச் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2024 மே மாதம் அதை 29,710 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியது. இவை குறைந்தபட்சங்கள். மியூனிக்கிலோ சிட்னியிலோ தனி அறை எடுப்பவருக்கு இது பற்றாது.

பல ஆண்டுப் படிப்பில் கவிழ்ப்பது மாற்று விகிதம். வெளிநாட்டு நாணயத்தின் விலை உள்நாட்டுக் கணக்கில் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால், அங்கே விலை ஒன்றும் ஏறாவிட்டாலும் நான்காம் ஆண்டுச் செலவு முதல் ஆண்டைவிட 12.5 சதவீதம் கூடும். அங்கே வாடகை ஏறினால் அதன் மேலும் கூடும். கல்விக் கடனை முதல் ஆண்டு விகிதத்தில் நான்கு ஆண்டுக்கும் கணக்கிட்டு வாங்கியவர்களுக்குக் கடைசி ஆண்டில்தான் பணம் போதாமல் போகிறது. பாதியில் நிறுத்தவும் முடியாத கட்டம் அது. கடன் விண்ணப்பத்திலேயே ஒவ்வொரு ஆண்டையும் தனி வரியாக எழுதி, விகிதத்தையும் வாடகையையும் ஆண்டுக்கு ஆண்டு உயர்த்திக் காட்டி, அதற்கேற்ற வரம்பை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். தேவைப்படாத ஆண்டில் எடுக்காமல் விடலாம், எடுக்காத தொகைக்கு வட்டி ஓடாது. நடுவில் வரம்பை உயர்த்தக் கேட்டால் புது விண்ணப்பம், புது ஈடு என்று மாதக்கணக்கில் இழுக்கும். பகுதி நேர வேலையில் வரும் வருமானத்தை முதல் ஆறு மாதத்துக்குச் சுழியம் என்றே எழுதுங்கள்.